மாப்பிள்ளையாகப் போகும் கோல் கீப்பருக்கு

மகன், உனக்கு வாப்பாவின் சலாம். நாலு நாளாக நான் கொடுக்கும் சலாமுக்கு நீ பதில் சொல்கிறாய். அது கடமை என்பதால் சொல்கிறாய். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. சோற்றுக்கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுகிறாய். போன செவ்வாய்க்கிழமை நம் இறக்காமத்து வயலில் நின்று ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். அறுத்து முடிந்து, வைக்கோலும் ஏற்றி, மாடு மேய்கிற வயல். படத்துக்குக் கீழே நீ ஒன்றும் எழுதவில்லை. எழுதி இருந்தால் நான் ஏதாவது திருப்பி எழுதி இருப்பேன். வெறும் படத்துக்கு என்ன எழுதுவது? நான் ஒரு கட்டை விரலை அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் எவ்வளவு பெரிய மடையன் என்று எனக்கே விளங்கியது. வெள்ளாண்மை வெட்டு முடியவில்லை, அதனால்தான் உன் நிக்காஹ்வைப் பத்து நாள் தள்ளி வைத்தேன் என்று உனக்கும், ஒலுவிலில் இருக்கிற பெண் வீட்டாருக்கும் சொன்னவன் நான். வெட்டு முடிந்து மூன்று கிழமை, இருபத்தொரு நாள். நிக்காஹ் தள்ளிப் போனதற்குக் காரணம் நெல் இல்லை மகன். புட்போல்.

நம் ஊர்ப் புட்போல் கழகத்தின் சிறப்பு மலருக்கு வரலாறு எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நாலு பக்கம். செயலாளர் என்ற முறையில் நான்தான் எழுதவேண்டுமாம். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குக்கு இரண்டு தரம் தோற்றவனிடம் வரலாறு கேட்கிற கழகம் எப்படி உருப்படும் என்று நீயே யோசி. மூன்று தரம் எழுதிக் கிழித்தேன். எங்கே தொடங்கினாலும் அது ஒரு கல்யாணத்தில் போய் முட்டுகிறது. கடைசியில் உன் கல்யாணத்தில் வந்து நிற்கிறது. ஆகவே வரலாற்றையும் உனக்குச் சொல்ல வேண்டியதையும் ஒரே தாளில் எழுதிவிடுகிறேன். மலர் இறுதி ஆட்டத்துக்குப் பிறகுதான் அச்சுக்குப் போகும். நீ சம்மதித்தால் இதைக் கொடுப்பேன். இல்லை என்றால் யார் யார் தலைவராக இருந்தார்கள் என்று வரிசையாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறேன், யாரும் வாசிக்க மாட்டார்கள்.

நம் கழகத்து ஆட்டக்காரருக்குச் சம்பளம் உண்டா என்று வெளியூரார் கேட்பார்கள். பஸ் காசு, பூட்ஸ், வென்றால் புரியாணி, தோற்றால் தேநீர், அதுதான் இன்றைக்கும். ஆனால் நான் வந்த காலத்தில் நம் தலைவர், அதுதான் நெல் ஆலை ஹாஜியார், அப்போது அவர் ஹஜ்ஜுக்கும் போகவில்லை, முழங்காலும் நன்றாக இருந்தது, ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். நம் கரையோர ஊர்களில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறார்கள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்கிறான். அப்படி என்றால், நல்ல ஆட்டக்காரன் எந்த ஊரில் இருந்தாலும் அவனுக்கு நம் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்துக் கொடுத்துவிட்டால் ஆயுளுக்கும் நம் கழகத்தவன். நான் என் தாய் ஊர் இறக்காமத்தில் அறுத்த வயலில் வெறுங்காலோடு பந்து விளையாடிக்கொண்டு இருந்தேன். நடுப் பின்களம். பந்து போனாலும் ஆளைப் போக விடமாட்டேன். ஹாஜியார் வரம்பில் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டு வந்து என் முதுகில் தட்டிக் கேட்டார்: "கால் இரிக்கி தம்பி ஒங்களுக்கு. வீடு இரிக்கா?"

வீடு உன் உம்மாவிடம் இருந்தது. மூன்று மாதத்தில் நிக்காஹ் முடிந்தது. இந்தக் கதை உன் உம்மாவுக்குத் தெரியவந்தது உன் ராத்தா, நம் மூத்த பிள்ளை, பிறந்த பிறகுதான், அதுவும் ஹாஜியாரின் மனைவி வாயால். அன்று அவள் கேட்டாள்: "அப்ப நான்தான் ஒங்கட சம்பளமா?" நான் பகிடியாகச் சொல்வதாக நினைத்து, "இல்ல புள்ள, சம்பளம் புரியாணி. நீங்க போனஸ்" என்றேன். இரண்டு நாள் வெறும் சோறு. மகன், உனக்குச் சொல்கிறேன், பெண் கேள்வி கேட்கும்போது பகிடி விடாதே. அது உண்மையில் கேள்வியாகவே இருக்கக்கூடும்.

ஹாஜியாரின் வழியில் ஒரு ஓட்டை இருந்தது. நம் ஊர்ப் பையன்களும் கல்யாணம் முடிப்பார்கள் என்பதை அவர் மறந்துவிட்டார். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் நாலு பேர் மாப்பிள்ளையாகிப் போய்விடுவார்கள். ஒருவன் நிந்தவூருக்கு, ஒருவன் மருதமுனைக்கு, இன்னும் இரண்டு பேர் அட்டாளைச்சேனைக்கு. கழகக் கட்டடத்தில் மாட்டி இருக்கும் பழைய படத்தைப் பார். அதில் நிற்கிற பதினொரு பேரில் ஏழு பேர் இரண்டு வருடத்துக்குள் வேறு ஊர் ஜேர்சியில் வந்து நம்மை அடித்தார்கள். நம் கோர்னர் அடியின் ரகசியம் எல்லாம் அவர்களுக்குத் தெரியும், அதைக் கண்டுபிடித்தவர்களே அவர்கள்தானே. ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு குழப்பம் இருந்தது. சிலர் மனைவியின் ஊரில் இருந்துகொண்டு தாய் ஊருக்கு வந்து விளையாடினார்கள். சிலர் இரண்டு ஊருக்கும் விளையாடினார்கள். ஒருவர் காலையில் ஒரு ஊருக்கும் பின்னேரம் மற்ற ஊருக்கும் விளையாடி, இரண்டு ஊரிலும் ஏச்சு வாங்கினார்.

அந்தக் குழப்பத்தைத் தீர்த்தவன் நான். இதை நான் பெருமையாகத்தான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அரை இறுதி ஆட்டம் வெள்ளிக்கிழமை. அக்கரைப்பற்றுப் பின்கள ஆட்டக்காரர் ஒருவருக்கு நம் ஊர்ப் பெண்ணோடு வியாழக்கிழமை நிக்காஹ். அவர் யாருக்கு விளையாடுவார் என்று லீக் கூட்டத்தில் பெரிய சண்டை. நான் எழும்பி நின்றேன். "நிக்காஹ் எழுதின நிமிசத்தில இருந்து அவர் எங்கட ஊர் மாப்பிள்ள. எங்கட ஊர்ல வீடு, எங்கட பள்ளிவாசல்ல சந்தா, நாளைக்கு மௌத்தாகி அடக்குறதும் எங்கட மையவாடியில. கால் மட்டும் ஒங்கடயா?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கூட்டத்தில் எதையும் நிறைவேற்றலாம். மணமுடித்தவர் நிக்காஹ் நாளில் இருந்து மனைவியின் ஊருக்கே உரியவர் என்று அங்கேயே சட்டம் எழுதினோம். என் கையெழுத்தில்தான் இருக்கிறது, மூன்று எழுத்துப் பிழைகளோடு. அந்த மாப்பிள்ளை நிக்காஹ்வுக்கு அடுத்த நாள் நமக்காக இறங்கினார். கல்யாணக் களைப்போ என்னவோ, நம் கோலுக்குள்ளேயே பந்தைத் தலையால் முட்டிப் போட்டார். தோற்றோம். சட்டம் மட்டும் மிஞ்சியது.

அந்தச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் கரையில் கல்யாணமும் பந்தும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. நிக்காஹ்வுக்கு நாள் கேட்டுப் போனால், "மேட்ச் எண்டைக்கு?" என்று மௌலவி முதலில் கேட்கிற அளவுக்கு வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடுதான் உன் ராத்தாவுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனேன். அவள் அப்போது ஒலுவில் கெம்பஸில் முதலாம் வருடம். படித்து முடிக்கட்டும் என்று உம்மா சொன்னாள். நம் கழகத்துக்கு இடது பக்கத்தில் ஓட ஆளில்லாத வருடம் அது. வரிப்பத்தான்சேனையில் ஒரு பையன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, அவன் வீட்டுக்குப் போக முதல் அவனுடைய ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். திரும்பி வந்ததும் உம்மா கேட்டாள், "பொடியன் எப்பிடி?" நான் சொன்னேன், "கிரொஸ் நல்லாப் போடுறார்." அவள் கேட்டது கோபக்காரனா, தொழுகிறவனா, தொழில் என்ன, தாயோடு எப்படிக் கதைக்கிறான் என்பதை எல்லாம். அதில் ஒன்றும் நான் விசாரிக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. உன் ராத்தா இரண்டு வருடம் பிந்தி, இடுப்பில் பிள்ளையோடு பரீட்சை எழுதினாள். உன் மச்சான் ஒரு பருவம் ஓடினார். பிறகு ஒருநாள் நம் இரும்புக் கடைக்கு வந்து, ஆணி நிறுத்துக்கொண்டு நின்ற என்னிடம், "மாமா, ஒண்டு சொல்லணும். எனக்குப் பந்து சின்ன வயசில இருந்தே பிடிக்காது. எங்கட வாப்பாதான் அடிச்சு அனுப்புவார். இனி என்னை விட்டுருங்க" என்றார். இப்போது கோழி வளர்க்கிறார். தங்கமான மனிதர். ஆனால் அது என் கெட்டித்தனம் இல்லை, அல்லாஹ்வின் கிருபை. சூதாடிக்கும் இடது கால் நன்றாக இருந்திருக்கலாம் அல்லவா? உன் ராத்தா என்னோடு சண்டை பிடிக்கவில்லை. போன நோன்புப் பெருநாளைக்கு எல்லாரும் இருக்கும்போது, உன் மச்சான் கோழிக்குத் தீன் வைக்கிற கதை சொல்லிக்கொண்டு இருக்கையில், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்: "வாப்பா எனக்கு மாப்பிள்ள பாக்கல்ல. கழகத்துக்கு லெப்ட் விங் பாத்த." எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் வட்டிலப்பக் கோப்பையை அப்படியே கீழே வைத்தேன். அவளுடைய அந்த இரண்டு வருடத்தை நான் எங்கே போய் வாங்கிக் கொடுப்பது?

இப்படி ஒரு பாடம் படித்தவன் திருந்தி இருக்க வேண்டும். நான் திருந்தவில்லை. அதுதான் எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

உன்னை நான் ஆட்டக்காரன் ஆக்கவில்லை. ஓடப் பஞ்சிப்பட்ட சோம்பேறியாகத்தான் நீ கோலுக்குள் போய் நின்றாய். பிறகு உன் கைக்கு ஒரு பெயர் வந்தது. பகலெல்லாம் ஏணியில் நின்று வயரிங் வேலை செய்துவிட்டு, பின்னேரம் வந்து மணலில் விழுந்து விழுந்து எழும்புவாய். நீ பிடித்த பந்துகளைப் பற்றி நான் ஒருநாளும் உன்னிடம் கதைத்ததில்லை. வீட்டுக்கு வந்தால், "அந்த ரெண்டாவது கோல், கால வெச்சிருந்தா நிண்டிருக்கும்" என்பேன். பெனால்டி மூன்று பிடித்து நம்மைக் கரைசேர்த்த அன்றும், நாலாவது எப்படிப் போனது என்றுதான் கேட்டேன். அன்று நீ துவாயை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாய், நான் உன் முதுகைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால், உள்ளே போன பந்தை அடுத்த நாள் சொல். பிடித்ததை அன்றைக்கே சொல். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பிள்ளை வளர்ப்பு, அதுவும் செய்யாமல் விட்டுத் தெரிந்துகொண்டது.

ஒலுவில் சம்பந்தம் வந்தபோது நான் உடனே ஓம் சொன்னேன். பெண் நல்ல பெண், உனக்கும் பிடித்திருந்தது. அதோடு, உண்மையைச் சொல்கிறேன், அந்த ஊர்க் கழகம் அப்போது லீக்கில் இல்லை. அவர்களுடைய கரையைக் கடல் தின்றுகொண்டு இருக்கிறது. விளையாடுகிற இடத்தில் கொடிக்கம்பு நட்ட மூலை இப்போது அலைக்குள். மைதானம் இல்லாத கழகம் எப்படி வரும் என்று நினைத்தேன். அவர்கள் வந்தார்கள். வயலிலும் றோட்டோரத்திலும் பழகிவிட்டு வந்து, இந்த வருடம் லீக்கில் ஒவ்வொருவராக அடித்து, இறுதி ஆட்டத்துக்கு நமக்கு எதிராகவே நிற்கிறார்கள். உன் நிக்காஹ் அதற்கு ஒரு கிழமை முன்பு. என் சட்டப்படி நீ அவர்களுடைய ஆள்.

கழகத்தார் நம் வீட்டுக்கு வந்த அன்று நீ வேலைக்குப் போயிருந்தாய். ஹாஜியார் முழங்காலைத் தடவிக்கொண்டு கதிரையில் இருந்தார். "செக்ரட்டரி, அந்தச் சட்டம் ஆரு எழுதின?"

"நான்தான் ஹாஜியார்."

"அப்ப நீங்களே ஒரு வழியப் பாருங்க. இருவது வருசத்துக்குப் பிறகு கப்புக்குக் கிட்ட வந்திரிக்கம். ரெண்டாவது கோல் கீப்பர் பந்து வந்தாக் கண்ண மூடுறான்."

இதில் அவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் ஒரு வழியைப் பாருங்கள் என்றார். அந்த வழியைப் பார்த்தது நான். உன் உம்மாவிடமும் சொல்லாமல் ஒலுவிலுக்குப் போய் உன் மாமனாரிடம் வயல் கதையை அவிழ்த்துவிட்டேன். வெட்டு மெசின் வரவில்லை, யானை இறங்கி வரம்பெல்லாம் நாசம், ஆள் இல்லாமல் கல்யாண வேலை பார்க்க முடியாது. அவர் கடலில் வள்ளம் விடுகிறவர், நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. "யானைக்கு நாங்க என்ன செய்யிற சம்மந்தி. தள்ளி வைங்க" என்றார். இரங்கிச் சொன்னார். எனக்குத் தேநீரும் தந்தார். நான் குடித்தேன்.

பிறகு நடந்தது உனக்குத்தான் கூடத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குகிறார்கள் என்று அந்தத் தெருவில் கதை பரவியது. அந்தப் பிள்ளை உன்னிடம் கேட்டது. நீ என்னிடம் கேட்டாய். நான் இன்னும் இரண்டு யானையைக் கூட்டிச் சொன்னேன். வாப்பாவுக்கு உதவலாம் என்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, அரிவாளும் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் இறக்காமம் போனாய். போய் அந்தப் படத்தை எடுத்தாய்.

நேற்று அஸர் தொழுதுவிட்டு மறுபடியும் ஒலுவிலுக்குப் போனேன். இந்தத் தரம் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனேன். அவள் ஏசவில்லை. "போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம வந்தா வாசலுக்குள்ள வராதீங்க" என்றாள். உன் மாமனார் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டு இருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவர் ஊசியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப யானை?"

"வரல்ல."

"மெசின்?"

"அது மூணு கிழமைக்கு முதலே வெட்டிட்டுப் போயிட்டு."

கதவு மறைவில் இருந்து உன் மாமியின் குரல் வந்தது. "ஒரு பந்துக்காகவா என்ட புள்ளய இத்தன நாளும் அழ வெச்ச?" மாப்புக் கேட்டேன். இந்த வயதில் இன்னொருவர் முற்றத்தில் நின்று மாப்புக் கேட்பது நல்லதுதான் மகன், ஆனால் அந்த நேரத்தில் அது நல்லதாகத் தெரியாது. முன்பு குறித்த வெள்ளிக்கிழமையே நிக்காஹ் வைப்போம், மகன் உங்கள் கழகத்துக்கே விளையாடட்டும் என்றேன். உன் மாமனார் ஊசியை மறுபடியும் கையில் எடுத்தார். "சம்மந்தி, ஒண்டு சொல்றன், கோவிக்கப்படாது. எங்கட டீமுக்குக் கோல் கீப்பர் இரிக்கார். கெம்பஸில படிக்கிற பொடியன், ஆறடி. ஒங்கட மகன எடுத்தாலும் பெஞ்சிலதான் வைப்பாங்க."

எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிடம் முன்பு மாப்புக் கேட்ட மனிதன் நான். "பெஞ்சிலயா? என்ட மகனையா? மூணு பெனால்டிய ஒரே நாளில புடிச்சவன் தெரியுமா?" என்று தொடங்கி, நீ பிடித்த பந்துகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்த ஊர், எந்தப் பக்கம், எந்தக் கை. எனக்கே தெரியாது இவ்வளவும் எனக்கு ஞாபகம் இருப்பது. உன் மாமிதான் முதலில் சிரித்தாள். பிறகு இன்னொரு குரலும் உள்ளே சிரித்தது. அது யார் என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை நிச்சயமாகிவிட்டது. தேநீர் மறுபடியும் வந்தது. இந்தத் தரம் சீனி கூடுதலாகப் போட்டிருந்தார்கள்.

ஹாஜியாரிடமும் சொல்லிவிட்டேன். வாயில் வந்த எல்லாம் சொன்னார், எல்லாம் சரிதான். உன்னை விடுவிக்கிற தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தி, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இன்று காலை கடையைத் திறக்காமல் அந்தக் கெம்பஸ் பொடியன் பழகுகிற இடத்துக்குப் போய் ஒரு மரத்தடியில் நின்று பார்த்தேன். ஆள் உயரம், மேலே வருவதை எல்லாம் பறிக்கிறான். ஆனால் இடது பக்கம் கீழே போனால் குனிய நேரமெடுக்கிறான். நீ எடுக்க மாட்டாய். ஒலுவில் பயிற்றுநர் கண் தெரிந்தவராக இருந்தால் ஒரு கிழமைக்குள் கண்டுபிடித்துவிடுவார். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை, சனிக்கிழமை விருந்து. ஞாயிற்றுக்கிழமை காலை பழகப் போய்விடு. புதுமாப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் சொன்னதாகச் சொல்.

இறுதி ஆட்டத்தில் நான் நம் ஊர்ப் பக்கம்தான் நிற்பேன். செயலாளர், வேறு எங்கே நிற்பது? நம் பத்தாம் இலக்கக்காரன் பெனால்டியை எந்தப் பக்கம் அடிப்பான் என்று இவ்வளவு காலமும் அவனோடு பழகிய உனக்குத் தெரியும். பழைய கூட்டாளி, தாய் ஊர், வாப்பா பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்றெல்லாம் நினைத்து மற்றப் பக்கம் பாயாதே. பிடி. நீ பிடித்தால் நம் ஆட்கள் எல்லாரும் தலையில் கை வைப்பார்கள், நானும் வைப்பேன். ஏன் வைத்தேன் என்று பிறகு வீட்டுக்கு வா, அன்றைக்கே சொல்கிறேன்.

உன்னையும் உன்னை நம்பி இருக்கிற அந்தப் பிள்ளையையும் அல்லாஹ் நல்லபடி வைக்கட்டும்.

வாப்பா